செப்டம்பர் கடைசி வாரம்: ஆடிட்டர் ஆபீஸில் பதறாமல் வேலை பார்ப்பது எப்படி?

நடுத்தரமான ஓர் ஆடிட்டர் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆடிட்டர்கள், நான்கைந்து ஆர்டிகிள் பிள்ளைகள் (சிஏ படித்துக்கொண்டே பயிற்சி பெறுபவர்கள்), இரண்டு அக்கவுன்டன்ட்கள். வரித் தணிக்கை செய்யவேண்டிய கிளையன்ட்கள் எழுபது, எண்பது பேர். வருமானவரிப் போர்ட்டலில் தணிக்கை அறிக்கை ஏற்றக் கடைசி நாள் செப்டம்பர் 30. அதற்கு முன்னால் அதே மாதத்தில் 7-ஆம் தேதி டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வரி) கட்டவேண்டும், 11-இல் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 15-இல் ஊழியர்களுக்கான பிஎஃப், இஎஸ்ஐ, அன்றைக்கே முன்கூட்டிய வரியின் இரண்டாம் தவணை, 20-இல் ஜிஎஸ்டி வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. இவையெல்லாம் முடிந்து நிமிர்ந்தால் கையில் பத்து நாள் இருக்கும். அதில் ஒரு ஞாயிறாவது போய்விடும்.

அந்தப் பத்து நாளில்தான் ஆபீஸில் குரல்கள் உயர்கின்றன, பிள்ளைகள் சாப்பாட்டை விடுகிறார்கள், வேலையை விட்டுவிடலாமா என்ற பேச்சு வருகிறது. வேலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஜூலை 31-க்கு முன்னால் சம்பளக்காரர்களின் ரிட்டர்ன் நூற்றுக்கணக்கில் போகும்போது இதே ஆட்கள் இவ்வளவு நிலைகுலைவதில்லை. அங்கே ஒவ்வொரு ரிட்டர்னும் எந்த நிலையில் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். ஆடிட் பைல்களில் அது தெரியாது. 27-ஆம் தேதி ஒரு ஆர்டிகிள் பையனிடம் "எத்தனை பாக்கி தம்பி?" என்று கேட்டால், "நிறைய இருக்கு சார்" என்பான். அந்த 'நிறைய'தான் அவன் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதே கேள்விக்கு, "பதினெட்டு சார். ஏழு கிளையன்ட் பதிலுக்காக நிக்குது, நாலு உங்க ரிவ்யூவுல இருக்கு, அஞ்சு எங்கிட்ட, ரெண்டு டிஜிட்டல் கையெழுத்துக்காக" என்று சொல்ல முடிந்தால், பைல் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாமலே பாரம் பாதியாகிறது. அவன் கையில் இருப்பது ஐந்துதானே.

இதைச் சாதிக்க விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் வேண்டாம், எல்லாரும் திறக்கக்கூடிய ஒரு எக்செல் ஷீட் போதும். கிளையன்ட் ஒருவருக்கு ஒரு வரி. எந்த நிலை, யாரிடம் நிற்கிறது, அடுத்து செய்யவேண்டிய ஒரே ஒரு காரியம், அதற்கான தேதி என்று நான்கு பத்திகள் போதும். பெரும்பாலான ஆபீஸ்களில் இப்படி ஒரு ஷீட் ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் உதவுவதில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். 'யாரிடம்' என்ற கட்டத்தில் "டீம்" என்றோ, இரண்டு பேர் பெயரோ போட்டிருப்பார்கள். இரண்டு பேர் பெயர் இருந்தால் அந்த பைல் யாரிடமும் இல்லை என்று அர்த்தம். அடுத்த காரியம் என்ற கட்டத்தில் "பேங்க்" என்று ஒற்றைச் சொல் கிடக்கும். பேங்கில் என்ன? "கரன்ட் அக்கவுன்ட் ஜூன் மாத பிடிஎஃப் திறக்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவேண்டும்" என்று எழுதினால், நாளைக் காலையில் அந்த வரியைப் பார்க்கிற எவரும் யோசிக்காமல் போனை எடுக்கலாம்.

முடியாமல் நிற்கும் வேலை மனதில் வந்துவந்து குத்தும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2011-இல் உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் வெளியிட்ட ஆய்வு இதில் நமக்கு மிகவும் பயன்படும் ஒன்றைக் காட்டியது: வேலையை முடித்தால்தான் அந்தக் குத்தல் நிற்கும் என்றில்லை, எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக எழுதிவைத்தாலே பெருமளவு அடங்குகிறது. மாலை 7 மணிக்கு ஷீட்டைப் புதுப்பித்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்வது அதனால்தான். காலை 10 மணிக்கு எல்லாரும் நின்றபடியே பத்து, பன்னிரண்டு நிமிடம் அதைப் பார்க்கவேண்டும். உட்கார்ந்தால் அரை மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் ஏன் தாமதம் என்ற விசாரணை கூடவே கூடாது. விசாரணை நடக்கிற இடம் என்று ஆகிவிட்டால் மறுநாளிலிருந்து ஷீட்டில் பொய் ஏறும், பிறகு அது இருந்தும் பயனில்லை.

எது எவ்வளவு அவசரம் என்பதிலும் நிறைய வீண் பயம் இருக்கிறது. எல்லாக் கெடுவும் ஒரே எடை உள்ளவை அல்ல. 50,000 ரூபாய் டிடிஎஸ்ஸை ஆகஸ்ட் 25-இல் பிடித்து, செப்டம்பர் 7-க்குப் பதிலாக 8-இல் கட்டினால், வட்டி பிடித்த நாளிலிருந்தே மாதம் 1.5% என்ற கணக்கில், ஆகஸ்ட் ஒரு மாதம், செப்டம்பர் ஒரு மாதம் என்று 1,500 ரூபாய் போகும். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமே. அதே 50,000 ஜிஎஸ்டியை ரொக்கமாகக் கட்டவேண்டிய 3பி ஒருநாள் தள்ளிப்போனால் தாமதக் கட்டணம் 50, ஆண்டுக்கு 18% வீதம் ஒருநாள் வட்டி ஏறக்குறைய 25, ஆக 75 ரூபாய். ஜிஎஸ்டிஆர்-1 தள்ளிப்போனால் அடி வேறு இடத்தில் விழும். 14-ஆம் தேதி உருவாகும் 2பி-யில், அதாவது வாங்கியவருக்கான வரி வரவுப் பட்டியலில், அந்த பில் ஏறாது. சரக்கு வாங்கியவருக்கு அந்த மாதம் வரவு கிடைக்காது, அவர் நம் கிளையன்டைத் திட்டுவார், கிளையன்ட் நம்மைத் திட்டுவார். டிடிஎஸ் ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். தணிக்கை அறிக்கை தவறினால் தண்டம் இவை எதனோடும் ஒப்பிட முடியாத அளவுக்குப் பெரியது. எதையும் தள்ளிப்போடலாம் என்று சொல்லவில்லை. இரண்டு வேலை ஒரே மணியில் மோதும்போது எதைக் கையில் எடுப்பது என்ற முடிவு, இந்த எண்கள் சுவரில் ஒட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் எடுக்கக்கூடியது. ஒட்டியிருக்காவிட்டால், யார் அதிகமாகக் கத்துகிறாரோ அவர் பைல்தான் முதலில் போகும்.

கடைசி நாளில் உண்மையில் கழுத்தை நெரிப்பது கணக்கு அல்ல, ஏற்றுகிற வேலைதான். ஆடிட்டர் தன் லாகினில் தணிக்கை விவரங்கள் அடங்கிய 3சிடி படிவத்தை ஏற்றிக் கையெழுத்திட்டால் முடிந்தது என்று புதிதாக வந்த பிள்ளைகள் நினைக்கிறார்கள். கிளையன்ட் தன் லாகினில் போய் அதை ஏற்றுக்கொள்ளவேண்டும். 30-ஆம் தேதி இரவு 11 மணிக்கு ஏற்றினால், ஓடிபி வருகிற போன் ஊரில் தூங்கும் முதலாளியின் தலைமாட்டில் சார்ஜில் கிடக்கும். கம்பெனி என்றால் இயக்குநரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கன் வேண்டும். அது காலாவதியாகியிருக்கும், அல்லது புதுப்பித்திருப்பார்கள், ஆனால் புதியதைப் போர்ட்டலில் பதிந்திருக்க மாட்டார்கள். டோக்கனின் பாஸ்வேர்டு போன வருடம் வேலையை விட்டுப்போன அக்கவுன்டன்டுக்கு மட்டும் தெரிந்திருக்கும். கையெழுத்துக்கான மென்பொருள் ஓடாமல் கிடக்கும், பிரவுசர் அதைத் தடுத்திருக்கும். இவற்றில் ஒன்றைக்கூடக் கடைசி நாளில்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆகஸ்ட் மாதத்திலேயே ஒரு பகல் ஒதுக்கி, எல்லாக் கிளையன்ட் லாகினையும் ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும்: பாஸ்வேர்டு செல்கிறதா, பதிவான போன் எண் இன்னும் அவரிடம்தான் இருக்கிறதா, கையெழுத்து எந்தத் தேதி வரை செல்லும், போர்ட்டலில் பதிந்திருக்கிறதா. எண்பது கிளையன்டுக்கு ஒருவர் உட்கார்ந்தால் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு. செப்டம்பர் கடைசி வாரத்தின் பதற்றத்தில் பெரும்பங்கை அந்த ஒரே வேலை துடைத்துவிடும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆபீஸுக்கென்று தனிக் கெடுவும் வேண்டும். கணக்கும் ஆவணமும் வாங்க 24 கடைசி, ஏற்ற 27 கடைசி. மிச்ச மூன்று நாள் போர்ட்டல் மெதுவாவதற்கும், யுடிஐஎன் (ஆடிட்டர் கையெழுத்திடும் அறிக்கைக்கான தனி அடையாள எண்) போடுகையில் வரும் தடங்கலுக்கும், ஏற்றியபின் கண்ணில் படும் பிழைக்கும். தேதி நீட்டிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு இந்தத் திட்டத்தை உடைக்கும் முக்கியமான காரணம். 2025-இல் சம்பளக்காரர்களின் ரிட்டர்னுக்கான ஜூலை 31 கெடு செப்டம்பர் 15 ஆனது. கடைசியில் இன்னும் ஒரே ஒரு நாள் கூட்டி 16 என்றார்கள். நீட்டிப்பு வரும் என்று நம்பி வேலையைத் தளர்த்தியவர்கள் அறிவிப்புக்காகப் போனைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். வேலையும் நடக்கவில்லை, ஓய்வும் கிடைக்கவில்லை. நீட்டிப்பு வந்தால் அது ஓய்வுக்கான நாள் என்று வைத்துக்கொள்வதே நல்லது. செய்தி பார்க்க ஆபீஸில் ஒருவர் போதும்.

கிளையன்டிடம் கேள்வி கேட்கும் விதத்திலும் எத்தனையோ நாள் மிஞ்சும். பதினோரு சந்தேகங்களை ஒரே செய்தியாக அனுப்பினால், கடையை விட்டு நகர முடியாத மனிதர் "ராத்திரி பார்ப்போம்" என்று மூடிவைப்பார். அந்த ராத்திரி வராது. ஒருமுறைக்கு மூன்றுதான், அவர் எழுந்து எடுக்கவேண்டிய பொருளின் பெயரோடு:

"வணக்கம் அண்ணாச்சி. உங்க ஆடிட் பைல்ல மூணு விஷயம் நிக்குது. ஒண்ணு, ஓவர்டிராஃப்ட் (ஓடி) அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட், டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும். ரெண்டு, பிப்ரவரி 11-ஆம் தேதி வந்த 2,40,000 ரூபாய் யார் குடுத்தது? மூணு, மார்ச் 31 அன்னைக்குச் சரக்கு மதிப்பு. 24-ஆம் தேதி சாயங்காலம் 5 மணிக்குள்ள வந்தா 27-ல ஏத்திடலாம்."

இதில் பயமுறுத்தல் இல்லை, கெஞ்சலும் இல்லை. தேதி இருக்கிறது, விளைவும் இருக்கிறது. பதில் வராவிட்டால் இரண்டாம் நாள் போன், நான்காம் நாள் ஆடிட்டரே பேசுவது. இந்த வரிசை முன்பே முடிவாகியிருந்தால் ஆர்டிகிள் பையன் ஒரே ஆளைப் பத்து முறை அழைத்து மனம் நொந்துபோகத் தேவையில்லை. போனைப் பகல் முழுக்க எடுத்துக்கொண்டிருந்தால் எந்த லெட்ஜரும் ஒத்துவராது. ஒருவர் மட்டும் ஒரு வேளை முழுக்க போன் பார்க்கட்டும், பிற்பகலில் மாற்றிக்கொள்ளட்டும். மற்றவர்கள் 12.30-க்கும் 5.30-க்கும் திருப்பிக் கூப்பிடலாம்.

கோபமாகப் பேசுகிற கிளையன்டிடம் அவர் கோபத்துக்குப் பதில் சொல்லப் போகக்கூடாது. "உங்க பைல் இப்போ ரிவ்யூவுல இருக்கு, நாளைக்கு மதியம் 1 மணிக்குள்ள நானே கூப்பிடுறேன் சார்" என்று நிலையும் நேரமும் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் கூப்பிடவும் வேண்டும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும்.

வேலைக்கு நடுவில் ஒருவர் உறைந்துபோகும் இடம் ஒன்று உண்டு. பேங்க் பேலன்ஸ் லெட்ஜரோடு ஒத்துவரவில்லை. மணி எட்டு. மேலிருந்து கீழ்வரை மூன்று முறை டிக் அடித்தாயிற்று. அங்கே நிறுத்திவிட்டு வித்தியாசத்தை மட்டும் பார்க்கவேண்டும். 9-ஆல் வகுபடுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும். 7,640 என்பதை 7,460 என்று அடித்தால் வித்தியாசம் 180. சைபர் கூடினாலும் அப்படித்தான், 500-க்குப் பதில் 5,000 என்றால் 4,500. வகுபடவில்லையா, பாதியைத் தேடவேண்டும். 4,800 வித்தியாசம் என்றால் 2,400 எங்காவது வரவுக்குப் பதில் பற்றில் ஏறியிருக்கும். இரண்டும் இல்லையென்றால் அதே முழுத்தொகை விடுபட்டோ இரட்டிப்பாகவோ இருக்கலாம். இந்த மூன்றுக்கும் இருபது நிமிடம். கிடைக்கவில்லையா, எதுவரை பார்த்தோம் என்று ஷீட்டில் ஒரு வரி எழுதிவிட்டு மூடிவிடவேண்டும். மறுநாள் காலையில் வேறொருவர் கண்ணுக்கு அது பட்டென்று தெரியும். இரவு பதினொன்று வரை தேடுகிறவர் தேடும்போதே புதுப்பிழை இரண்டை நுழைத்துவிடுவார்.

இது மன உறுதி சம்பந்தப்பட்டதில்லை. 1997-இல் ஆஸ்திரேலியாவில் டாசனும் ரீடும் செய்த ஆய்வின்படி, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05% மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.03%. காலை 6-க்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் இரவு 11-க்கு முடிகிறது. அந்த நிலையில் அறிக்கையை ஏற்றுவது இருக்கட்டும், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு பைக்கில் வீட்டுக்குப் போகவேண்டும். தாமதமாகும் நாளில் ஆட்டோவுக்கு ஆபீஸ் காசு கொடுப்பது தாராளம் அல்ல, கடமை. இரவு 9-க்கு மேல் எதையும் ஏற்றக்கூடாது, கையெழுத்திடக்கூடாது என்று விதி வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றால் பைலுக்குப் பெயரிடுவது, பிரின்ட் எடுப்பது, அடுக்குவது மட்டும்.

டீயையும் இதோடு சேர்க்கவேண்டும். உடம்பில் ஏறிய காஃபினில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை 6 மணி டீ இரவு 11-க்கும் பாதி உள்ளே இருக்கிறது. படுத்தும் தூக்கம் வராததற்கு வேலைக்கவலை என்று பெயர் வைக்கிறோம். கடைசி டீ 4 மணிக்கு. மதியச் சாப்பாட்டை மேசையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் வைத்துச் சாப்பிடாமல் இருபது நிமிடம் வேறு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதுவே போதுமான இடைவேளை.

நெஞ்சு படபடக்கும் நேரத்துக்கு ஒரு மூச்சு முறை உதவும். மூக்கால் இழுத்து, நிறைந்தபின் மேலும் கொஞ்சம் இழுத்து, வாயால் மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக விடவேண்டும். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைத் தினம் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்யவைத்துப் பார்த்தபோது, அதே நேரம் தியானம் செய்தவர்களைவிட இவர்களின் மனநிலை கூடுதலாக மேம்பட்டது. கிளையன்டைத் திருப்பி அழைக்கும் முன் மூன்று முறை செய்தாலே குரல் இறங்கும். ஆனால் கெடு, டோக்கன், ஷீட் எதையும் சரிசெய்யாமல் மூச்சுப்பயிற்சி மட்டும் செய்யச் சொல்லும் ஆபீஸ், தன் வேலையைப் பிள்ளைகளின் நுரையீரல்மேல் சுமத்துகிறது.

பிழை நடந்ததும் அதை மறைப்பதுதான் பதற்றத்தை நாள்கணக்கில் நீட்டுகிறது. வரி கட்டிய சலானில் ஆண்டு மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே சொன்னால் போர்ட்டலிலேயே திருத்த வழி இருக்கிறது. நாள் கடந்தால் அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதி அலையவேண்டும். "தெரிஞ்ச அரை மணி நேரத்துக்குள்ள சொல்லிடு, திட்டமாட்டேன்" என்று ஆடிட்டர் சொல்வது பெரிதல்ல. முதல்முறை ஒரு பிள்ளை வந்து சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் மற்ற எல்லாரும் பார்ப்பார்கள்.

ஊக்கம் குறைவதற்கு வேலைப்பளுவைவிட வேறொன்று பெரிய காரணம். 1979-இல் ஆய்வாளர் ராபர்ட் கராசெக் அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களை வைத்து எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது: சுமையும் அதிகம், முடிவெடுக்கும் உரிமையும் இல்லை என்கிற இடத்தில் இருப்பவர்கள்தான் அதிகம் நொறுங்குகிறார்கள். ஒரு பையனுக்கு எண்பது பைலிலும் டிக் அடிக்கும் வேலை, இன்னொருவனுக்கு எண்பதிலும் ஸ்கேன் என்று பிரித்தால் வேகம் கிடைப்பது போலத் தெரியும். இரண்டாவது வாரத்தில் இருவரும் இயந்திரமாகியிருப்பார்கள். ஆளுக்குச் சில பைலை முதல் வவுச்சரிலிருந்து ஏற்றுவது வரை கொடுங்கள். எந்த வரிசையில் செய்வது என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். 3சிடி படிவத்தின் 44-வது பத்திக்காகச் செலவுகளை ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், இல்லாதவர், காம்போசிஷன் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) என்று பிரிப்பது அலுப்பான வேலைதான். ஆனால் அந்தக் கிளையன்டின் வியாபாரம் முழுவதையும் பார்த்த பிள்ளைக்கு, எங்கிருந்து வாங்குகிறார், ஏன் அங்கே வாங்குகிறார் என்பது அதில் புரியும். தேர்வுக்கும் அதுதான் உதவும்.

பாக்கி எண்ணிக்கையை மட்டும் எழுதும் ஷீட், நாள் முழுக்க உழைத்தவருக்கும் தோற்ற உணர்வைத் தருகிறது. ஆய்வாளர் தெரசா அமாபிலேயின் குழு 238 ஊழியர்கள் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளைப் படித்தபோது, நல்ல வேலைநாளாக அவர்கள் உணர்ந்த நாட்களில் முதன்மையாக இருந்தது முன்னேற்றம்தான், சிறியதாக இருந்தாலும். அதனால் ஒரு பைல் 'கேள்வி கேட்டாயிற்று' என்பதிலிருந்து 'பதில் வந்தது' என்று நகர்ந்தாலும் அன்றைய கணக்கில் ஏறட்டும். மாலை 7 மணிக்கு, இன்று நகர்ந்தவை எத்தனை என்று முதலில் சத்தமாகச் சொல்லிவிட்டு, பிறகு பாக்கியைப் பேசலாம்.

இவ்வளவு செய்தும் ஒருவருக்குத் தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், சீசன் முடிந்து இரண்டு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் அது வேலைக்களைப்பு என்று விடக்கூடாது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 இலவச எண், எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நெஞ்சுவலி என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி.

அக்டோபர் முதல் வாரத்தில் எல்லாரும் லீவு கேட்பார்கள், கொடுக்கவேண்டும், முறை வைத்தாவது. தணிக்கை செய்த கிளையன்ட்களின் ரிட்டர்னுக்கு அக்டோபர் 31 வரை நேரம் இருக்கிறது. ஆனால் போகும் முன் அந்த ஷீட்டை வைத்து ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒவ்வொரு பைலும் எந்த நிலையில் அதிக நாள் நின்றது என்று பாருங்கள். வழக்கமாக ஐந்தாறு கிளையன்ட்களும் ஒரே இரண்டு காரணங்களும்தான் திரும்பத் திரும்ப வரும்: சரக்குப் பட்டியல், ஓடி ஸ்டேட்மென்ட். அந்த ஐந்தாறு பேருக்கு மட்டும், ஸ்டேட்மென்ட்டை ஜனவரியிலிருந்து மாதாமாதம் அனுப்பும்படியும், மார்ச் 31 மாலையே சரக்கை எண்ணி எழுதிவைக்கும்படியும் இப்போதே போன் செய்து சொல்லிவிட்டு, அவர்கள் பெயருக்கு நேரே அந்தத் தேதிகளைப் போட்டுவிடுங்கள்.